சிக்னல் பாறையில் ஒரு புரொபசர்

இறங்கு ராஜா, இறங்கு. ராத்திரி பேஞ்ச மழைக்குப் பாறையில பாசி இன்னும் காயல. வழுக்கி வுழுந்தா ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரிக்கு நான்தான் தூக்கிக்கினு போவணும். எனக்கு முட்டி சரியில்ல.

காலையில இருந்து மூணு தபா ஏறிட்ட. செல்லத் தூக்கித் தூக்கி ஆகாசத்துக்குக் காட்டற. உங்க பாட்டி வாசல்ல நின்னு பார்த்துக்கினே இருந்தா. "பையன் யாரோ பொண்ணோட பேசறாப்ல இருக்குது"ன்னு அவளுக்கு ஒரே சந்தோசம். நான்தான் உண்மையச் சொன்னேன். "பொண்ணு இல்லடி, சைட்டேஷன்"னேன். "எந்த ஊர்க்காரி?"ன்னு கேக்கறா.

சரி, இந்தத் திண்ணையில குந்து. வரக்காப்பி இருக்குது, குடி. இப்ப சொல்லு. உன் பேப்பருங்கள மேற்கோள் காட்டினது நேத்து எவ்ளோ? 212. இன்னிக்கு? 213. அட, ஒண்ணு ஏறியிருக்குதே! யார் அந்தப் புண்ணியவான்? உங்கிட்ட பிஎச்.டி. பண்ற பையனா? ஆங். நம்ம மாட்டுப் பாலை நாமளே கறந்து நாமளே குடிச்சிட்டு, "ஊர்ல பால் ஏவாரம் அமோகம்"னு சொல்றாப்ல. இருந்தாலும் பால் பால்தான். குடி.

போன பொங்கலுக்கு வந்தப்ப நீதான எனக்கு அந்த எச்-இண்டெக்ஸ விளக்கின. ஹோர்ஹே ஹிர்ஷ்னு அமெரிக்காவுல ஒரு பௌதிகக்காரர் 2005-ல கட்டி வுட்ட கணக்குன்ன. நீ சொன்னப்ப ஒண்ணும் விளங்கல. அப்புறம் நான் தோப்புல போய் பலா மரத்தடியில குந்தினேன், விளங்கிடுச்சு. மரம் பேப்பர், காய் சைட்டேஷன். பத்து மரம் இருந்து ஒவ்வொண்ணும் பத்துக்குக் குறையாம காய்ச்சிருந்தா உன் எண் பத்து. பதினொண்ணு வேணும்னா பதினோரு மரம், ஒவ்வொண்ணுலயும் பதினோரு காய். இருபது மரம் வச்சிருந்தும் தலைக்கு ரெண்டுதான் காய்ச்சா எண் ரெண்டு. ஒரே மரம் ஆயிரம் காய் காய்ச்சாலும் எண் ஒண்ணுதான். சுளை இனிக்குதா, வெறும் சக்கையான்னு கேள்வியே கிடையாது. காய எண்ணு, எண்ண எழுது, எழுதினத எச்ஓடிகிட்ட காட்டு.

உனக்கு எட்டுன்ன, இல்ல? எட்டு மரம். வருத்தப்படாத. உங்க மாமனுக்கு மொத்தமே ஆறு மரம், அதுல ரெண்டு காய்க்கறதே இல்ல.

ஆனா புரமோஷனுக்கு எட்டு பத்தாதுன்னு உங்கம்மா சொன்னா. அதான் ராத்திரியெல்லாம் படுக்காம யோசிச்சேன். உனக்கு நாலு வழி கண்டுபுடிச்சு வச்சிருக்கேன். அந்த லேப்டாப்ப எடு, குறிச்சுக்கோ. தாத்தாவோட பேரப் போட வேணாம், சும்மா எழுது.

முதல்ல, ஆட்டைக் கூறு போடக் கத்துக்கோ. நம்ம ஊர்த் திருவிழாவுல ஒரு கெடாவ வெட்டி எத்தினி கூறு போடறோம்? முப்பது வூடு இருந்தா முப்பது. நீ இன்னாடான்னா ரெண்டு வருஷம் ஒழைச்சு ஒரு முழு ஆட்ட ஒரே எலையில வச்சுட்ட. இப்பிடியா பொழைக்கறது? தலைக்கு ஒரு பேப்பர். கொடலுக்கு ஒண்ணு. ரத்தப் பொரியல் தனி. எலும்ப ஒரு மாநாட்டுக்கு அனுப்பு. கடைசியில "தோல் குறித்து வருங்காலத்தில் ஆராய்வோம்"னு முடிவுரை எழுது. அடுத்த வருஷம் அந்தத் தோல்லயே பறை கட்டி இன்னொரு பேப்பர் போட்டுடு. எல்லாக் கூறுலயும் உங்க எச்ஓடி பேரு இருக்கணும், மறந்துடாத. சாமி ஊர்வலத்துல குடை புடிக்கறவர் நடக்கலேன்னாலும் போட்டோவுல முன்னாடி நிப்பார் இல்ல, அது மாதிரி.

ரெண்டாவது, மொய். இத நான் சொல்லியா உனக்குத் தெரியணும்? உங்க அக்கா கல்யாணத்துக்கு வந்த மொய் நோட்டு இன்னும் உங்க பாட்டி தலைமாட்டுலதான் இருக்குது. எவன் 101 எழுதினான், எவன் 501 எழுதினான், எவன் பாயசம் மட்டும் குடிச்சிட்டுப் போனான், எல்லாம் பதிவு. அவன் வூட்டு விசேஷத்துக்கு நாம போயி திருப்பி எழுதணும், கொஞ்சம் கூட்டி எழுதணும். இந்த சைட்டேஷனும் அந்த நோட்டுதான். நீ அவன் பேரப் போடு, அவன் உன் பேரப் போடுவான். புதுக்கோட்டைப் பக்கம் ஆடி மாசத்துல மொய் விருந்துன்னே தனியா வைக்கறாங்க. கல்யாணம் இல்ல, காதுகுத்து இல்ல, கெடா வெட்டி சோறு போட்டு நோட்டைத் தொறந்து வச்சுடறது. பத்துப் பேரு சேந்து ஒரு பந்தல். உங்க ஆளுங்களும் அதான செய்யறாங்க? ஒரே ஒரு வித்தியாசம். அங்க கறிச்சோறாவது மிஞ்சும்.

இன்னும் ஒண்ணு சொன்னியே. நீ அனுப்பின பேப்பர பரிசீலிக்கறவர், பேரு தெரியாத மகராசன், "கட்டுரை நன்று, ஆனால் கீழ்க்காணும் ஐந்து முக்கியமான ஆய்வுகளை ஆசிரியர் கவனிக்கத் தவறிவிட்டார்"னு எழுதினார்னு. அந்த அஞ்சையும் எழுதினது ஒரே ஆளு. அந்த ஆளு யாருன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இந்தக் கறவை மாட்டுக்கும் தெரியும். எழுதிட்ட இல்ல? எழுதிடு. சோதனைச் சாவடியில சீட்டு வாங்காம வண்டிய வுடுவாங்களா?

மூணாவது வழி, ஒரு பூனை வளக்கறது.

சிரிக்காத. நீயே சொன்ன கதைதான். அமெரிக்காவுல மிச்சிகன்ல ஹெதரிங்டன்னு ஒரு பௌதிக வாத்தியார். 1975-ல தனியா ஒரு பேப்பர் எழுதி முடிச்சிட்டார். டைப் அடிச்சதெல்லாம் "நாங்கள் கண்டோம், நாங்கள் அளந்தோம்"னு இருக்குது. எழுதினது ஒருத்தர்னா "நாங்கள்"னு போடக் கூடாது, அந்தப் பத்திரிகை ஏத்துக்காதுன்னு ஒரு சிநேகிதர் சொல்லிட்டார். அந்தக் காலத்துல கம்ப்யூட்டரா இருக்குது மாத்தறதுக்கு? மொத்தமும் மறுபடி டைப் அடிக்கணும். மனுஷன் யோசிச்சார். வூட்டுல செஸ்டர்னு ஒரு பூனை. அதையே கூட்டாளியா சேத்துட்டார். எஃப்.டி.சி. வில்லார்டு! பேப்பர் பெரிய பத்திரிகையிலயே வந்துடுச்சு. அப்புறம் சில பிரதிகள்ல பூனை காலை மையில தொட்டு கையெழுத்தே போட்டுச்சாம். நம்ம ஊர்ல பத்திரத்துல கைநாட்டு வச்சவங்கள ஏளனமாப் பேசினீங்களே, பாத்தியா, அமெரிக்காவுல கால்நாட்டு செல்லுது.

அந்தப் பூனையாவது பெரிய மனுஷன் வூட்டுப் பூனை, பேப்பரும் நெஜப் பேப்பர். 2024-ல வந்துச்சே இன்னொண்ணு, லாரி. போளூர்ல இருந்து மணல் ஏத்திக்கினு வர்ற லாரி இல்ல, அதும் பூனைதான். ரீஸ் ரிச்சர்ட்சன்னு ஒரு ஆராய்ச்சி மாணவர், அவங்க பாட்டி வளத்த பூனை. அவரும் நிக் வைஸ்னு இன்னொருத்தரும் சேந்து, கம்ப்யூட்டர் வுட்டு அர்த்தமில்லாத கணக்குப் பேப்பர் பன்னெண்டு எழுத வச்சு, பூனை பேரப் போட்டாங்க. அந்தப் பன்னெண்டையும் மேற்கோள் காட்டறதுக்குன்னே இன்னொரு பன்னெண்டு பேப்பர். அத்தினியும் பொய். கூகுள் ஸ்காலர் எண்ணிப் பாத்து நோட்டுல எழுதிக்கிச்சு: 132 சைட்டேஷன், எச்-இண்டெக்ஸ் 11.

பதினொண்ணு, ராஜா. உனக்கு எட்டு.

காசுக்கு சைட்டேஷன் விக்கற கடைங்க இருக்குது, எம்மாம் சுளுவா ஏமாத்தலாம் பாருன்னு காட்டத்தான் அவங்க அப்பிடி செஞ்சாங்க. இந்த மாதிரி காட்டிக் குடுக்கறதுல உங்க கம்ப்யூட்டர்காரங்களும் கில்லாடிங்க. 2005-ல எம்.ஐ.டி.யில மூணு பசங்க சைஜென்னு ஒரு புரோகிராம் எழுதினாங்க. பொத்தானை அமுக்கினா கம்ப்யூட்டர் சயன்ஸ் பேப்பர் கொட்டும். படம், வரைபடம், அடிக்குறிப்பு, எல்லாம் இருக்கும், பொருள் மட்டும் இருக்காது. அப்பிடி வந்த ஒரு பேப்பர ஒரு மாநாட்டுல ஏத்துக்கிட்டாங்க. 2010-ல பிரான்ஸ்ல சிரில் லாபேன்னு ஒரு ஆசாமி, அவரும் கம்ப்யூட்டர் ஆளுதான், அதே புரோகிராமை வச்சு ஐக் அன்ட்கேர்னு ஒரு விஞ்ஞானிய உண்டாக்கினார். பொறக்காத ஆளு. எச்-இண்டெக்ஸ் 94. அந்த எண்ணு வரிசையில ஐன்ஸ்டீனே அவருக்குக் கீழ குந்தியிருந்தார். அதோட வுடல. 2014-ல அந்த லாபேயே தேடிப் புடிச்சு, பெரிய பெரிய பதிப்பகங்க ரெண்டுத்துல சைஜென் எழுதின பேப்பருங்க 120-க்கு மேல அச்சாயிக் கிடக்குதுன்னு காட்டினார். எடுத்துட்டாங்க. அத அனுப்பினவங்க எல்லாரும் விளையாட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டாங்க, பாரு. புரமோஷனுக்கும் அனுப்பியிருப்பாங்க.

காப்பி ஆறுது. குடிச்சிட்டுக் கேளு.

நாலாவது வழிதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. அடுத்தவன் பேப்பர எடு, சொல்ல மட்டும் மாத்து. அதுக்கு மெஷின் இருக்குதாமே? 2021-ல அந்த லாபே, கபனாக், மகசினோவ்னு மூணு பேரு சேந்து இத வெளிச்சம் போட்டுக் காட்டினாங்க. காப்பி அடிச்சது தெரியாம இருக்கணும்னு மெஷின் ஒவ்வொரு சொல்லுக்கும் பதில் சொல் வைக்குது. செயற்கை நுண்ணறிவுன்னு இருக்க வேண்டிய இடத்துல "கள்ள உணர்வு". மார்பகப் புற்றுநோய்க்கு "நெஞ்சு அபாயம்". பெருந்தரவுக்கு "பூதாகரத் தகவல்". நீ இதப் படிச்சுக் காட்டினப்ப உங்க பாட்டி பக்கத்துல மாவாட்டிக்கினு இருந்தா. நான் அவளக் கூப்பிட்டு, "ஏ புள்ள, நீ ஆட்டறது ஆட்டுக்கல்லு இல்லடி, வெள்ளாடு கட்டற பாறை"ன்னேன். உரலுக்கு "குழிவிழுந்த மரபு". உலக்கைக்கு "மேலும் கீழும் போகும் தூண்". இப்பிடியே எழுதினா இந்த வூட்டு அடுப்படி மேலயே நான் மூணு பேப்பர் போட்டுடுவேன். அச்சடிக்கவும் ஆளு இருக்குது. 2023-ல ஹிண்டாவின்னு ஒரே ஒரு பதிப்பகம், தான் போட்ட பேப்பர்ல எட்டாயிரத்துக்கு மேல வாபஸ் வாங்கிச்சு. எட்டாயிரம்! நம்ம மலையில அத்தினி சாமை மூட்டை பூச்சி புடிச்சுதுன்னா கலெக்டர் வந்துடுவார்.

இன்னா மூஞ்சி சுருங்குது? "நான் அந்த மாதிரி ஆளு இல்ல தாத்தா"ன்னுதான சொல்ல வர்ற? தெரியும்டா. அந்த ரெண்டு வருஷப் பேப்பரு, முழு ஆட்ட ஒரே எலையில வச்சியே, அது நெஜமாவே நல்லாருக்குதுன்னு பெங்களூர்ல இருந்து ஒருத்தர் உனக்குக் கடுதாசி போட்டார் இல்ல? அத நீ ஒரு தபாதான் காட்டின. 213-ஐ தெனம் மூணு தபா காட்டற. அதான் எனக்கு வெளங்கல.

உன் மேலயும் தப்பு இல்ல. தராசு வச்சவன் வேற. நம்ம தேன் கதை தெரியுமா உனக்கு? நீ பொறக்கறதுக்கு முந்தி. கீழ இருந்து ஒரு ஏவாரி வருவார். விரல வுட்டு நக்கிப் பாப்பார், மோந்து பாப்பார், சூரியனுக்கு நேரா தூக்கிப் பாப்பார், ஒரு சொட்டு துணியில வுட்டுப் பாப்பார். அப்புறம்தான் வெலை. அவர் போனதும் அவர் மவன் வந்தான். அவசரக்காரன். "நக்கறதுக்கெல்லாம் நேரம் இல்ல, எத்தினி டின்னு, அத்த சொல்லு"ன்னான். முதல் வருஷம் டின்னுல தேன் வந்துச்சு. ரெண்டாம் வருஷம் தேனும் வெல்லப்பாகும். மூணாம் வருஷம் தேனீக்கு ஒரு வேலையும் இல்ல. குட்ஹார்ட்னு இங்கிலாந்துல ஒரு பொருளாதாரக்காரர் 1975-ல இதத்தான் வேற மாதிரி சொன்னார்னு நீ சொன்ன. பாவம், அவருக்கு மலைத்தேன் தெரியாது, பேங்க் பணத்த வச்சுக் கண்டுபுடிச்சார்.

ஆனா ஒண்ணு, இந்தக் கணக்க முதல்ல ஆரம்பிச்சவர் ஏவாரி மவன் இல்ல. யூஜின் கார்ஃபீல்டுன்னு ஒருத்தர், 1964-ல அந்த மேற்கோள் அட்டவணைய முதல்ல போட்டது நூலகத்துல தேடறவங்களுக்கு வழி காட்டத்தான். காட்டுல ஒத்தையடித் தடம் புடிக்கறாப்ல. இந்தப் பேப்பருக்குப் பின்னால யார் வந்தாங்க, எந்தப் பக்கம் திரும்பினாங்கன்னு பாத்துக்கினே போலாம். நல்ல யோசனை. அந்தத் தடத்தையேதான் 1998-ல லாரி பேஜும் செர்கே பிரின்னும் வெப் பக்கங்களுக்குப் போட்டு கூகுள ஆரம்பிச்சாங்க. எந்தப் பக்கத்த நாலு நல்ல பக்கம் சுட்டிக் காட்டுதோ அது நல்ல பக்கம். உலகத்துலயே பணம் கொழிச்ச சைட்டேஷன் கணக்கு அதுதான். இங்கயும் லாரி! பூனைக்கும் அவருக்கும் சொந்தம் கிடையாதுன்னு நெனைக்கறேன்.

தடம் பாக்கறதுக்கு வச்ச அடையாளத்த யாரோ ஆளு எடை போடற கல்லா மாத்திட்டாங்க. நம்ம தேசத்துல 2016-ல இருந்து வருஷா வருஷம் காலேஜுங்களுக்கு தரவரிசை வருதே, அதுல எத்தினி பேப்பர், எத்தினி சைட்டேஷன்னு ஒரு பங்கு. உடனே எல்லாக் காலேஜும் டின்ன எடுத்துக்கினு ஓடுது. அப்புறம் ஸ்டான்ஃபோர்டுல இருந்து ஒரு பட்டியல் வருதே, உலகத்துல தலை ரெண்டு சதவீத விஞ்ஞானிங்கன்னு. அது வந்த மறுநாளு காலேஜ் வாசல்ல ஃப்ளெக்ஸ். புரொபசர் கையக் கட்டிக்கினு நிக்கறார், பின்னாடி பூமி உருண்டை சுத்துது. காதுகுத்துக்கு வைக்கற அதே ஃப்ளெக்ஸ்காரன், அதே ரோஜாப்பூ பார்டர். உன் போட்டோவும் ஒரு நாளைக்கு வரும். அப்ப சொல்லு, நான் ஆலங்காயம் வரைக்கும் வந்து பாத்துட்டுப் போறேன்.

இந்தா, அங்க பாரு. மேகம் வெலகுது. காவலூர் வானாய்வுக் கூடத்தோட வெள்ளைக் கோபுரம் இருக்கற தெசை அதான்.

நான் அங்க வேலைக்குச் சேந்தப்ப எனக்கு இருபது வயசு கூட ஆவல. டோம் தொறக்கறது, மூடறது, ராத்திரி முழுக்க வரக்காப்பி வைக்கறது. குளிர்காலத்துல அந்த இரும்பு ஏணியத் தொட்டா கை வெறைச்சுடும். உள்ள விளக்கு போடக் கூடாது, பீடி பத்த வைக்கக் கூடாது, இருமினா கூட முறைப்பாங்க. ஒரு சயன்டிஸ்ட் சாரு கண்ண குழாயில வச்சார்னா கோழி கூவற வரைக்கும் எடுக்க மாட்டார். எடுத்து இன்னா எழுதினார்னு கேட்டா, "இன்னிக்கு மேகம்"னு ஒரு வரி. அடுத்த நாளும் "மேகம்". அந்த மாதிரி பதினஞ்சு ராத்திரி ஓடும். எந்தக் கணக்குலயும் வராத பதினஞ்சு ராத்திரி.

1968-ல இங்க முதல்ல வச்சது 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி, சின்னது. இடத்தத் தேடி இந்த மலையப் புடிச்சவர் வைணு பாப்பு. 1972-ல ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்துச்சு. அப்புறம் அவர் ஆசைப்பட்டது 2.34 மீட்டர், நம்ம நாட்டுலயே செஞ்சது. 1986 ஜனவரியில ராஜீவ் காந்தி வந்து தொறந்து, பாப்பு பேரையே வச்சார். பாப்பு சாரு அதப் பாக்கல. 1982-லயே போயிட்டார்.

1977 மார்ச் 10. யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்த மறைச்சுக்கினு போவப் போவுதுன்னு உலகம் பூரா குழாயத் திருப்பி வச்சிருந்தாங்க. கிரகம் கிட்ட வர்றதுக்கு முன்னயே நட்சத்திர வெளிச்சம் மினுக்குனு கொறைஞ்சு மறுபடி வந்துச்சு. நம்ம காவலூர்லயும் பதிவாச்சு. பட்டாச்சார்யா சாரும் குப்புசாமி சாரும் பாத்தது. புதுசா ஒரு நிலா போலன்னு அவங்க எழுதினாங்க. இந்துமகா சமுத்திரத்து மேல விமானத்துல பறந்துக்கினு பாத்த ஜேம்ஸ் எலியட் கூட்டத்துக்கு அஞ்சு தபா மினுக்கினது கிடைச்சுது. அது நிலா இல்ல, வளையம்னு அவங்க சொன்னாங்க. யுரேனஸுக்கு வளையம் இருக்கறது அப்பிடித்தான் தெரிஞ்சுது. பேரு எலியட்டுக்கு. இங்க பாத்தவங்க அதுக்காக பாறை மேல ஏறி நின்னு யார் எங்கள எழுதினாங்கன்னு எண்ணல. அடுத்த ராத்திரி மறுபடி டோமத் தொறந்தாங்க.

நீ அன்னிக்கு அங்க இருந்தியா தாத்தான்னு கேக்காத. எங்க செவலை எருது காணாம போச்சு, தேடிக்கினு காட்டுக்குள்ள போயிட்டேன். எருதும் கிடைக்கல, வளையமும் கிடைக்கல.

1988 பிப்ரவரியில ராஜமோகன் சாரு கூட்டம் இங்க இருந்து ஒரு குறுங்கோளக் கண்டுபுடிச்சுது. இந்தியாவுல இருந்து அப்பிடி ஒண்ணு கிடைச்சு நூறு வருஷத்துக்கு மேல ஆயிருந்துச்சு. அதுக்கு ராமானுஜன்னு பேரு வச்சாங்க. 4130 ராமானுஜன். செங்கம் பக்கம் சண்டையில செத்தவங்களுக்கு நடுகல் இருக்குதே, ஏரிக்கரையில, புளியமரத்தடியில. இது ஆகாசத்துல நட்ட கல்லு. அதுவும் நம்ம மலையில இருந்து நட்டது. ராமானுஜனோட எச்-இண்டெக்ஸ் எவ்ளோன்னு கூகுள்ல பாத்துச் சொல்லு, பாப்போம். வேணாம். எவ்ளோவா இருந்தாலும் எனக்குக் கோவம் வரும்.

உங்க தொழில்லயே ஒண்ணு சொல்றேன். 2002 ஆகஸ்ட்ல கான்பூர் ஐ.ஐ.டி.யில மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா. ரெண்டு பசங்க அப்பத்தான் பி.டெக். முடிச்சிருந்தாங்க. ஒரு எண்ணு எவ்ளோ நீளமா இருந்தாலும் அது பகா எண்ணா இல்லையான்னு குருட்டு யூகம் இல்லாம, சீக்கிரமா, அடிச்சுச் சொல்ற வழி. எத்தினியோ காலமா பெரிய பெரிய கணக்கு வாத்தியாருங்க முட்டி மோதினது. ஒன்பது பக்கம்தான் எழுதினாங்க. ஒன்பது! அத வச்சு நான் சொன்ன கூறு போடற கத்தியில எத்தினி கூறு போட்டிருக்கலாம்? 2006-ல கோடெல் பரிசு குடுத்தாங்க. அவங்க வாழ்நாள்ல அது ஒண்ண மட்டும் எழுதிட்டு நம்ம மலைக்கு வந்து சாமை வெதைச்சிருந்தா, அந்தப் பலாமரக் கணக்குல தலைக்கு எண் ஒண்ணு. பூனைக்குப் பதினொண்ணு.

உங்கம்மா தெனம் உனக்கு, "சாமை காய வச்சாச்சு, பூச்சி மருந்து வாங்கியா"ன்னு தமிழ்ல தட்டி அனுப்பறா இல்ல? செல்லுல தமிழ் தானா வந்துச்சா? சிங்கப்பூர்ல நா. கோவிந்தசாமின்னு ஒரு எழுத்தாளர், வாத்தியார். இன்டர்நெட்டுல தமிழ் வரணும்னு ஆரம்பத்துலயே மல்லுக்கு நின்னார். 1999-லயே செத்துட்டார். மலேசியாவுல முத்து நெடுமாறன், முரசு அஞ்சல், செல்லினம்னு வுட்டார். அப்பிடி எத்தினி பேரு. உங்கம்மா ஒரு நாளைக்கு அம்பது தபா அவங்க வேலைய எடுத்து உபயோகிக்கறா. ஒரு தபாவாவது கீழ அடிக்குறிப்பு போட்டிருக்கறாளா? "பூச்சி மருந்து வாங்கியா, காண்க: நெடுமாறன்"னு?

சிரிக்கற. நல்லது. காலையில இருந்து இப்பத்தான் சிரிக்கற.

சரி, எந்திரி. பாட்டி முறத்துல சாமை புடைக்கறா, போய்க் கொஞ்சம் உதவி செய். பதர் தனியா பறக்குது பாரு, குவியல்ல கெடக்கும்போது எல்லாம் சாமையாத்தான் தெரியும். நீ படிச்ச புள்ள, நான் ஒண்ணும் சொல்லல.

ஏய், எங்க போற? அந்தத் தகரப் பெட்டியத் தொறக்காத. அதுல ஒண்ணும் இல்ல. பழைய வேட்டி, ரேஷன் கார்டு, உங்க பாட்டி கல்யாணப் போட்டோ. சொன்னா கேக்கறியா? எடுத்துட்ட இல்ல, சரி, மடிச்சுப் புடிக்காத, கிழிஞ்சுடும். முப்பது வருஷத்து ஜெராக்ஸ். அது ஒரு பேப்பரோட கடைசிப் பக்கம். ஒரு சயன்டிஸ்ட் சாரு மாத்தலாகிப் போகும்போது குடுத்தார். இங்கிலீஷு. எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனா எந்த வரின்னு தெரியும். கீழ இருந்து மூணாவது. பென்சில்ல கோடு போட்டிருக்கும் பாரு. "இரவுப் பணி உதவியாளர்களுக்கு நன்றி"ன்னு. பேரு போடல. ஆனா அந்தச் சீசன்ல ராத்திரி டூட்டியில இருந்தது நாலு பேரு, அதுல மூணு பேரு தூங்கினாங்க.

உரக்கப் படி. உங்க பாட்டிக்குக் கேக்கற மாதிரி.

அப்புறம் செல்ல எடுத்துக்கினு பாறை மேல போ. நீ போறப்ப, அந்தப் பேப்பர எத்தினி பேரு மேற்கோள் காட்டியிருக்காங்கன்னும் பாத்துட்டு வா. சும்மா, தெரிஞ்சுக்கலாமேன்னுதான்.